இருபத்தைந்து மீட்டர்

லைனின் வேகத்தைப் பதினாறு மடங்கு கூட்டினார்கள். மறுநாள் காலையிலிருந்து எல்லாம் மெதுவாகிவிட்டது.

2001 குளிர்காலத்தில் கிளென் வேவர்லியில் இருந்த ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த புகார் இதுதான். மெல்பர்ன் நகரின் நடுவிலிருந்து கிளம்பும் ரயில் கோடு ஒன்று முடிகிற புறநகர் அது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கிங்ஸ்வே கடைத்தெரு, சற்றுத் தள்ளி ஸ்பிரிங்வேல் சாலை. நான் போனது இரண்டு தளக் கட்டடம் ஒன்றுக்கு. அங்கே வேலை செய்கிறவர்களின் கணக்கு வழக்குகளும் வாடிக்கையாளர் விவரங்களும் சிட்னி தலைமை அலுவலகத்துக் கணினியில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு லீஸ்டு லைன், அதாவது வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு. பல வருடங்களாக விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததை 2 மெகாபிட்டாக, சரியாகச் சொன்னால் 2,048 கிலோபிட்டாக, உயர்த்தியிருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த அம்மா எனக்குச் செய்தே காட்டினார். ஒரு வாடிக்கையாளரின் பெயரை அடித்தார், ஒழுங்காக வந்தது. இன்னொரு பெயர், அதுவும் வந்தது. மூன்றாவது பெயரில் நான்கு எழுத்து வந்து, ஐந்தாவதில் திரை நின்றுவிட்டது. ஒரு விநாடி, இரண்டு விநாடி. பிறகு மிச்ச எழுத்துகள் எல்லாம் ஒரே கொத்தாக வந்து விழுந்தன. “பழைய லைனையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்” என்றார்.

அந்த இரண்டு விநாடியில் என்ன நடக்கிறது என்று புரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்னப் பாக்கெட்டாகச் சிட்னிக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி வந்தால்தான் திரையில் தெரியும். வழியில் ஒரு பாக்கெட் கெட்டுப்போனால் யாரும் அதை அறிவிப்பதில்லை. அனுப்பிய கணினி பதிலுக்குக் காத்திருக்கும், குறித்த நேரம் தாண்டியதும் மறுபடி அனுப்பும். அவர் பார்த்த இடைவெளி அந்தக் காத்திருப்புதான். ஆக, லைன் மெதுவாக இல்லை. லைன் பாக்கெட்டுகளைத் தொலைத்துக்கொண்டிருந்தது. நெட்வொர்க் வேலைக்கு வரும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ‘ஸ்லோ’ என்று புகார் வந்தால் வேகத்தை அளக்காதீர்கள், இழப்பை எண்ணுங்கள்.

எண்ணுவதற்கு ரவுட்டரிலேயே வசதி இருக்கிறது. ஒவ்வொரு சீரியல் போர்ட்டுக்கும் அது ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கும். எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை போனது, வந்ததில் எத்தனை கெட்டிருந்தது, எந்த விதத்தில் கெட்டிருந்தது, லைன் எத்தனை முறை விழுந்து எழுந்தது. மாடியில் இருந்த ரவுட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வந்த பாக்கெட்டுகளில் பிழை: பூஜ்யம். லைன் விழுந்த தடவை: பூஜ்யம். இதைவிட ஆரோக்கியமான போர்ட்டை நான் பார்த்ததில்லை.

சிட்னி முனையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். போனில் கூப்பிட்டு என் பக்கம் சுத்தம் என்றேன்.

“தம்பி, உங்கட பக்கம் சுத்தம் எண்டா இஞ்ச ஏன் இப்பிடி ஏறுது? நான் அழிச்சுப்போட்டு அஞ்சு நிமிசம்தான். சிஆர்சி நிக்காமல் ஏறிக்கொண்டிருக்கு.”

“ஃப்ரேம், அபார்ட் எப்படி அண்ணை?”

“எல்லாம்தான். மூண்டும் சேர்ந்து ஏறுது.”

சிஆர்சி, ஃப்ரேம், அபார்ட் மூன்றும் ரவுட்டர் எண்ணும் பிழை வகைகள். அவர் பழைய எண்ணைக் குறித்துவைத்துவிட்டு, கணக்கை அழித்து, ஐந்து நிமிடம் பார்த்திருக்கிறார். இது பெரிய விஷயம். ரவுட்டர் காட்டும் எண், அது கடைசியாக அழிக்கப்பட்ட நாளிலிருந்து சேர்ந்த மொத்தம். ஆறு மாதம் முன்பு ஒரு மின்னலில் விழுந்த பத்தாயிரம் பிழையும், இப்போது விழுந்துகொண்டிருக்கும் பத்தாயிரமும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். ரவுட்டர் செய்பவர்களின் கையேட்டில், வரும் போக்குவரத்தில் பிழை நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால் கவலைப்படு என்று ஒரு பொதுவிதி உண்டு. அந்த ஒரு சதவீதத்தைப் பிட்டுகளாக மாற்றிப் பாருங்கள். 1,500 பைட் பாக்கெட்டில் 12,000 பிட். பத்து லட்சம் பிட்டுக்கு ஒரு பிட் புரண்டாலே நூற்றுக்கு ஒரு பாக்கெட் போய்விடும். ஒரு பிட் கெட்டால் பாக்கெட் முழுக்கக் குப்பைக்குத்தான்.

என் புத்தகத்தில் பூஜ்யம், அவர் புத்தகத்தில் ஆயிரம். இது முரண்பாடே இல்லை. பிழையை எண்ணுவது பெறுகிறவன் மட்டுமே. அனுப்புகிறவனுக்குத் தான் அனுப்பியது என்ன ஆனது என்று தெரியாது. சிட்னியின் எண் சொல்வது சிட்னியைப் பற்றி அல்ல. கிளென் வேவர்லியிலிருந்து சிட்னிக்குப் போகும் திசையைப் பற்றி. அந்தத் திசையில் எங்கோ ஒரு கோளாறு. எங்கே என்பதுதான் கேள்வி, அதுவும் புதிய கேள்வி அல்ல.

1872 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியது. மெல்பர்னில் ஒருவர் கொடுத்த தந்தி அடிலெய்டு போய், பாலைவனத்தைக் கடந்து டார்வின் போய், கடலடியில் ஜாவா, பிறகு சிங்கப்பூர், பினாங்கு என்று ஏறி, மதராஸில் கரையேறியது. மதராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போட்ட கடலடிக் கேபிள் அதற்கு முந்தைய வருடம்தான் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து இந்தியாவைக் குறுக்கே தாண்டி, பம்பாய், ஏடன், சூயஸ் வழியாக ஐரோப்பா. மெல்பர்னின் முதல் உலகத் தொடர்பு நம் கடற்கரை வழியாகப் போயிருக்கிறது என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

அந்தப் பாதையின் மிகக் கடினமான துண்டு அடிலெய்டுக்கும் டார்வினுக்கும் நடுவில் இருந்த சுமார் 3,200 கிலோமீட்டர். சார்லஸ் டாட் என்பவரின் தலைமையில் 36,000 கம்பங்கள் நட்டுக் கம்பி இழுத்தார்கள். 1872 ஆகஸ்ட் 22 அன்று ஃப்ரூஸ் பாண்ட்ஸ் என்ற இடத்தில் வடக்கிலிருந்து வந்த கம்பியும் தெற்கிலிருந்து வந்த கம்பியும் இணைந்தன. ஆனால் அதற்குள் டார்வினையும் ஜாவாவையும் இணைத்த கேபிள் ஜூனிலேயே அறுந்துபோயிருந்தது. அதைச் சரிசெய்ய அக்டோபர் ஆகிவிட்டது. நடுவழி நிலையங்களில் இருந்தவர்கள் வந்த செய்தியைக் காதால் கேட்டு, அடுத்த நிலையத்துக்குக் கையால் திரும்ப அடித்தார்கள். லைன் செத்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கடைசியாகப் பதில் சொல்கிற நிலையம் எது என்பது. அதற்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவில்தான் கோளாறு. கடலடிக் கேபிள் என்றால் கரையில் உட்கார்ந்தபடியே கம்பியின் மின்தடையை அளந்து, எத்தனை மைலில் அறுந்திருக்கிறது என்று கணக்குப்போட்டுக் கப்பலை அனுப்பினார்கள். பாதையைத் துண்டு துண்டாக்கி, எந்தத் துண்டில் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்வது. இன்றுவரை இந்த வித்தை மாறவில்லை.

மாறியது, பிழையைக் கண்டுபிடிக்கும் வழி. தந்தியில் தவறு நேர்ந்ததா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், கூடுதல் கட்டணம் கட்டி முழுச் செய்தியையும் திருப்பி அனுப்பச் சொல்லி ஒப்பிட வேண்டும். ரவுட்டர் அப்படிச் செய்வதில்லை. அது வகுத்து மீதி பார்க்கிறது. நான் உங்களுக்குப் போனில் 5,83,214 என்ற எண்ணைச் சொல்கிறேன் என்று வையுங்கள். கூடவே, இதை 97ஆல் வகுத்தால் மீதி 50 என்றும் சொல்கிறேன். உங்கள் காதில் 5,83,241 என்று விழுந்தால், வகுத்துப் பார்க்கும்போது மீதி 77 வரும். எந்த இலக்கம் தவறு என்று தெரியாது, ஆனால் தவறு நடந்தது தெரிந்துவிடும். சிஆர்சி என்பது இதே கணக்கின் பிட் வடிவம். பாக்கெட் முழுவதையும் ஒரே மாபெரும் எண்ணாகப் பாவித்து, கடன் வாங்காத ஒரு விசேஷ வகுத்தலால் 16 பிட் மீதியைக் கண்டு, வாலில் ஒட்டி அனுப்புகிறார்கள். தொடர்ச்சியாக 16 பிட் நீளம் வரை எப்படிக் கெட்டிருந்தாலும் இதன் கண்ணுக்குத் தப்பாது. அதைவிட நீளமாகச் சிதைந்தவற்றில் தப்புவது ஏறக்குறைய 65,536இல் ஒன்று.

இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் டபிள்யூ. வெஸ்லி பீட்டர்சன். டி. டி. பிரவுன் என்பவருடன் சேர்ந்து அவர் 1961இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் பொறியாளர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள். 1964இல் அவர் ஹவாய் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். 1999இல் ஜப்பான் பரிசு பெற்றார். இணைய வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல் இங்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவை இணையத்தோடு நிரந்தரமாக இணைத்த முதல் லைன் 1989 ஜூன் 23 இரவு உயிர்பெற்றது. ஒரு முனையில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ், மறுமுனையில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் டோர்பென் நீல்சன். செயற்கைக்கோள் வழியாக விநாடிக்கு 56 கிலோபிட். ஒரு கண்டத்துக்கே அவ்வளவுதான். பிழையை மீதியால் பிடிக்கும் கலையை உலகுக்குச் சொன்னவர் பாடம் நடத்திய வளாகத்தில்தான் அந்த லைன் போய் இறங்கியது.

கிளென் வேவர்லிக்கு வருவோம். மூன்று எண்ணும் சேர்ந்து ஏறுகிறது என்று அண்ணை சொன்னாரே, அதற்கு அர்த்தம் உண்டு. சீரியல் லைனில் பிட்டுகள் ஒற்றை வரிசையில் ஓடுகின்றன. ஒரு பாக்கெட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்ட 01111110 என்ற கொடி நடப்படும். உள்ளே இருக்கும் தரவில் தற்செயலாக அதே கொடி வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து வந்தால் அனுப்புகிறவர் ஒரு பூஜ்யத்தைச் செருகுவார். பெறுகிறவர் அதை எடுத்துவிடுவார். இப்போது 01110110 என்று போகிற இடத்தில் ஒரே ஒரு பிட் புரண்டால் போலிக் கொடி முளைத்துவிடும். பாக்கெட் பாதியில் முடிந்ததாகப் பெறுகிறவர் நினைப்பார். மிஞ்சிய துண்டு எட்டு எட்டாகப் பிரியாவிட்டால், அது ஃப்ரேம் பிழை. செருகிய பூஜ்யமே ஒன்றாகப் புரண்டு ஏழு ஒன்றுகள் சேர்ந்துவிட்டால், அனுப்பியவர் பாதியில் கைவிட்டார் என்று பொருள், அது அபார்ட். மற்றதெல்லாம் சிஆர்சி. மூன்றும் சேர்ந்து ஏறினால், பிட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரள்கின்றன.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடிகாரம். சீரியல் லைனில் யாரோ ஒருவர் தாளம் போட, மற்றவர்கள் அதற்கு ஆட வேண்டும். இரண்டு முனையும் தனித்தனித் தாளம் போட்டு, பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தால்கூட, 2,048 கிலோபிட் லைனில் விநாடிக்கு நூறு பிட்டுக்கு மேல் மிஞ்சும் அல்லது குறையும். 256 பிட் கொண்ட ஒரு கட்டு இரண்டரை விநாடிக்கு ஒருமுறை நழுவிவிடும். அந்த நழுவல் கடிகாரம் போல வரும். அண்ணையைப் பத்து விநாடிக்கு ஒருமுறை எண்ணை வாசிக்கச் சொன்னேன். ஒழுங்கே இல்லை, லைனில் கூட்டம் ஏறினால் பிழை ஏறியது, கூட்டம் குறைந்தால் குறைந்தது. தாளம் இரண்டல்ல, ஒன்றுதான்.

லைன் கொடுத்த நிறுவனத்தின் டெக்னீஷியன் அதற்குள் இரண்டு முறை வந்து சோதித்து, லைன் சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அலுவலகத்தில் அவர்மேல் எல்லோருக்கும் கோபம். நான் கீழ்த்தளத்து எம்டிஎஃப் அறைக்குப் போனேன். வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் கட்டடத்துக்குள் நுழைகிற சின்ன அறை. சுவரில் என்டியூ, அதாவது லைன் நிறுவனத்தின் முனைப்பெட்டி. அதன் முகப்பில் லூப் போடும் பொத்தான். சிட்னியிலிருந்து வருவதை அப்படியே சிட்னிக்குத் திருப்பிவிட்டேன். அண்ணை பாக்கெட்டுகளை அனுப்பினார். அவை மாநில எல்லையைத் தாண்டி இந்த அறைக்கு வந்து, இங்கேயே திரும்பி, மறுபடியும் சிட்னி போய்ச் சேர்ந்தன.

“ஒண்டும் இல்லைத் தம்பி. பத்து நிமிசமாப் பாக்கிறன். ஒண்டுகூட இல்லை.”

டெக்னீஷியன் எழுதியது உண்மை. அத்தனை நூறு கிலோமீட்டரும் ஒரே வீச்சில் குற்றமற்றவையாகிவிட்டன, சிட்னி அலுவலகத்துக்குள் இருந்த கேபிள் உட்பட. பிறகு லூப்பை மறுபக்கம் திருப்பினேன், மாடியில் இருக்கும் என் ரவுட்டரை நோக்கி. மேலே போய்ப் பார்த்தால், லைன் லூப்பில் இருக்கிறது என்று ரவுட்டரே சொன்னது. பத்து விநாடிக்கு ஒருமுறை அது அனுப்பும் எண்ணிட்ட சீட்டு அதனிடமே திரும்பி வந்தால், தன் குரலைத் தானே கேட்பது அதற்குப் புரிந்துவிடும். ரவுட்டர் தனக்குத்தானே பிங், அதாவது பதில் கேட்கும் சோதனைப் பாக்கெட், அனுப்பச் செய்தேன். முதல்முறையாக என் திரையில் சிஆர்சி ஏறியது. பிழையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு பொருள்: ஒரு சீரியல் கேபிள். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. கனெக்டர் இறுக்கமாக இருந்தது, உறை எங்கும் கிழியவில்லை. பல வருடமாக 128 கிலோபிட்டைச் சுமந்த கேபிள். இந்த இடத்தில்தான் பலர் கைக்குக் கிடைத்ததை எல்லாம் மாற்றிப் பார்ப்பார்கள். புதிய கேபிள், புதிய கார்டு, புதிய ரவுட்டர். ஏதோ ஒன்று வேலை செய்யும், எது என்று தெரியாது, அடுத்த மாதம் அதே நோய் வேறிடத்தில் வரும். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. கேபிளிடமே இன்னும் ஒரு கேள்வி கேட்கலாம் என்று தோன்றியது.

பிங்கில், பாக்கெட்டுக்குள் என்ன பிட்டுகள் நிரப்ப வேண்டும் என்று நாமே சொல்லலாம். முழுக்கப் பூஜ்யம் நிரப்பி 1,500 பைட்டில் நூறு அனுப்பினேன். ஒன்றோ இரண்டோ விழுந்தது. முழுக்க ஒன்று நிரப்பினேன். மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வரும்படி நிரப்பினேன். பாதிக்கு மேல் காணவில்லை.

இந்த மூன்று எண்ணையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். லைனின் குறியீட்டு முறை இரு முனையிலும் பொருந்தாமல் இருந்தால், முதலில் சாவது பூஜ்யம் நிரம்பிய பாக்கெட். நீண்ட பூஜ்ய வரிசையில் மின்துடிப்பு இல்லாமல் போய், பெறுகிறவர் தாளத்தைத் தவறவிடுவார். அதைத் தடுக்கத்தான் 2 மெகாபிட் லைன்களில் நான்கு பூஜ்யம் சேர்ந்தால் அந்த இடத்தில் வேறொரு துடிப்புக் கோலத்தைப் பதிக்கிறார்கள். இங்கே நேர்மாறு. பூஜ்யங்கள் பிழைக்கின்றன, மாற்றங்கள் சாகின்றன. பூஜ்யத்தை அடுத்துப் பூஜ்யம் வரும்போது எந்தக் கணத்தில் பார்த்தாலும் பூஜ்யம்தான் தெரியும். ஒன்றும் பூஜ்யமும் மாறும் கணத்திலேயே பார்த்தால் எது தெரியும் என்பது அதிர்ஷ்டம். என்டியூ, பிட் மாறிக்கொண்டிருக்கும் விளிம்பில் கண் திறந்து பார்க்கிறது.

ஏன் என்பதற்குப் பேனாவும் காகிதமும் போதும். விநாடிக்கு 20,48,000 பிட் என்றால் ஒரு பிட்டின் ஆயுள் சுமார் 488 நானோவிநாடி. என்டியூ தாளம் போட்டு அனுப்பும். அந்தத் தாளத்தின் ஏற்றத்தில் ரவுட்டர் பிட்டை வெளியே தள்ளும். இறக்கத்தில், அதாவது 244 நானோவிநாடி கழித்து, பிட்டின் நட்டநடுவில், என்டியூ அதைப் படிக்கும். இது காகிதத்தில். ஆனால் கேபிளில் மின்குறி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 5 நானோவிநாடி ஆகும். தாளம் மாடிக்கு ஏறிப் போக வேண்டும், பிட் கீழே இறங்கி வர வேண்டும். கேபிள் 25 மீட்டர் என்றால் போக 125, வர 125, மொத்தம் 250. நடுவில் படிக்க வேண்டிய பிட் அரைப் பிட் தாமதமாக வருகிறது. என்டியூ கண் திறக்கும் அதே கணத்தில்தான் பழைய பிட் போய்ப் புதிய பிட் வந்துகொண்டிருக்கிறது.

128 கிலோபிட் காலத்தில் ஒரு பிட்டின் ஆயுள் 7,800 நானோவிநாடிக்கு மேல். அதில் 250 தாமதம் யாருக்கும் தெரிந்திருக்காது. கேபிள் பழுதாகவில்லை, பிட் சுருங்கிவிட்டது. எனக்கு இன்றும் வியப்பான ஒன்று: அந்தக் கேபிள் 50 மீட்டராக இருந்திருந்தால் தாமதம் ஒரு முழுப் பிட்டை எட்டி, என்டியூ முந்தைய பிட்டின் நடுவைப் படித்திருக்கும், எல்லாப் பிட்டும் ஒரு படி தள்ளி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். குறி வலுவிழக்காதவரை, இரு மடங்கு நீளமான கேபிள் வேலை செய்திருக்கும்.

ரவுட்டரில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. அனுப்பும் தாளத்தைத் தலைகீழாக்குவது. ஏற்றத்தில் தள்ளிய பிட்டை இறக்கத்தில் தள்ளும். எல்லாம் அரைப் பிட் நகரும். விளிம்பு போய் நடு வரும். அடித்தேன். லூப்பை எடுத்துவிட்டு அண்ணையைக் கணக்கை அழிக்கச் சொன்னேன். இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். கீழே கவுண்டரில் அந்த அம்மா தட்டிக்கொண்டிருந்தார்.

“நிக்குது தம்பி. பூஜ்யத்திலேயே நிக்குது.”

அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. தலைகீழ்த் தாளம் அந்த நீளத்துக்கும் அந்த வேகத்துக்கும் மட்டும் பொருந்திய கட்டுப்போடல். நாளை யாராவது வேகத்தை மாற்றினால், அல்லது பழைய ரவுட்டரை எடுத்துப் புதியதை வைத்து இந்த ஒரு வரியை மறந்தால், மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும். அடுத்த சனிக்கிழமை ரவுட்டரைக் கீழே எம்டிஎஃப் அறைக்கே இறக்கினோம். என்டியூவுக்கும் அதற்கும் நடுவில் பெட்டியோடு வந்த 3 மீட்டர் கேபிள். மாடிக்கு ஈதர்நெட் கேபிள் இழுத்தோம். ஈதர்நெட்டில் தாளம் தரவுக்குள்ளேயே பின்னிப் போவதால், நூறு மீட்டர் வரை இந்தத் தொல்லை இல்லை. தலைகீழ்க் கட்டளையை எடுத்துவிட்டு அண்ணையிடம் மறுபடி கேட்டேன். அப்போதும் பூஜ்யம்தான்.

கூரைப் பலகைகளுக்கு மேலிருந்து பழைய கேபிளை உருவி எடுத்து, மாடி நடைக்கூடத்தில் நீளமாக விரித்துப் போட்டேன். 25 மீட்டர் என்பது படிக்கட்டையும் கூரையையும் பார்த்து நான் போட்ட ஊகம். மின்தடையை அளந்து கப்பலை அனுப்பியவர்கள் கேபிளைத் தூக்கிப் பார்த்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே டேப்பை இழுத்தேன். 26 மீட்டர்.